பார்க்காத ஊரை வரைந்தவர்கள்

நீலமும் வெள்ளையுமான பீங்கான் தட்டு அது. நடுவில் ஒரு பெரிய வீடு. ஆட்கள் அதன்மேல் ஏறி இடித்துக்கொண்டிருக்கிறார்கள்; கீழே தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத்தில் 1690 அக்டோபரில் நடந்த கலவரம் இது. வரி கட்டாத மதுப் பீப்பாய் ஒன்றை முன்னிட்டு எழுந்த கைகலப்பில் வரி அலுவலர் ஒருவர் செத்துப்போனார். அதற்காக நகரக் காவற்படையைச் சேர்ந்த கோஸ்டர்மன் என்பவரின் தலை வெட்டப்பட்டது. ஊர் கொதித்தெழுந்து, நகரத்தின் தலைமை நீதி அதிகாரி வீட்டைத் தரைமட்டமாக்கியது. யான் ஸ்மெல்ட்சிங் என்ற பதக்கக் கலைஞர் அந்தக் காட்சியை ஒரு பதக்கத்தில் பொறித்தார்.

அந்தப் பதக்கத்தைப் பார்த்துத் தட்டில் தீட்டியவர், கடலையே பார்த்திருக்க வாய்ப்பில்லாத ஒரு சீனர். தென்கிழக்குச் சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் ஜிங்டெசென் ஊரின் தொழிலாளி. ரோட்டர்டாம் எந்தத் திசை, வீட்டை ஏன் இடிக்கிறார்கள், அது விழாவா சண்டையா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தட்டின் அடியில் மட்டும் தனக்குத் தெரிந்ததை எழுதினார்: மிங் வம்சத்துச் செங்குவா பேரரசரின் முத்திரை. அந்த ராஜா இறந்து 200 ஆண்டுகள் ஆகியிருந்தன. நல்ல சரக்கு என்று காட்டப் பழைய ராஜாவின் பெயரைப் போடுவது அங்கே வழக்கம்.

ஐரோப்பியருக்காகச் சீனாவில் செய்த பீங்கானைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் வேடிக்கைக் கதைகளே முன்னால் வந்து நிற்கும். தலைகீழாக எழுதிய பெயர், சீன முகத்தோடு சிலுவையில் தொங்கும் ஏசு, 'இங்கே சிவப்பு' என்ற குறிப்பையும் சேர்த்தே வரைந்துவிட்ட ஓவியர். சிரிப்புக்குக் குறைவில்லைதான். ஆனால் அந்தத் தவறுகள் ஒவ்வொன்றையும் சற்றுக் கிளறிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் ஓவியரின் தூரிகையில் இல்லை. ஆர்டர் கொடுத்தவர் அனுப்பிய தாளில் இருக்கிறது.

கேட்டவருக்குக் கேட்டபடி செய்து கொடுப்பது சீனக் குயவருக்குப் புதிதல்ல. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 9ஆம் நூற்றாண்டில் மூழ்கிய ஓர் அரபுக் கப்பலை 1998இல் கண்டெடுத்தார்கள். அதில் இருந்த சுமார் 60,000 சீன மண்பாண்டங்களில் மிகப் பெரும்பங்கு சாங்ஷா சூளைகளின் கிண்ணங்கள். மேற்காசியச் சந்தைக்கு ஏற்ற வேலைப்பாடுகள் அவற்றில் உண்டு. சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம். போர்த்துக்கீசியர் வந்து சேர்ந்தபோது, சீனத்துக்கு ஒரு வாடிக்கையாளர் கூடினார், அவ்வளவுதான்.

அந்த வரவில் ஒரு தமிழரின் பணமும் இருந்தது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர், சீனாவுக்கு வழி தேடி 1513இல் ஜோர்ஜ் ஆல்வாரெஸ் என்பவரை அனுப்பினார்கள். அந்தப் பயணத்தில் போர்த்துக்கீசிய அரசோடு சேர்ந்து முதல் போட்டவர், மலாக்காவில் செல்வாக்கோடு இருந்த தமிழ் வணிகர் நைனா செட்டி. போர்த்துக்கீசிய ஆவணங்களில் அவர் 'நினா சட்டு'. சீனாவோடு மலாக்கா வணிகருக்கு ஏற்கெனவே இருந்த தொடர்பின்மேல் ஏறித்தான் ஐரோப்பியர் அங்கே போனார்கள்.

அடுத்த சில ஆண்டுகளுக்குள் போர்த்துக்கல் மன்னர் மானுவேலின் வானக்கோளச் சின்னம் சீனக் கூஜாக்களில் வந்துவிட்டது. 1541ஆம் ஆண்டைப் பொறித்த கிண்ணங்களில் மலாக்காவின் படைத்தலைவர் பெரோ டி ஃபாரியாவின் பெயர் இருக்கிறது. 1552இல் இன்னொரு ஜோர்ஜ் ஆல்வாரெஸ், ஒரு வணிகர், தன் பெயரைப் போட்டுக் குப்பிகள் செய்யச் சொன்னார். எழுத்து முழுவதும் தலைகீழாக வந்தது. லத்தீன் எழுத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஓவியருக்கு யாரும் சொல்லவில்லை. குப்பிகளைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொண்டார்கள். அவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. லிஸ்பனில் சான்டோஸ் அரண்மனையின் ஓர் அறையில், கூம்பாக எழும் உட்கூரையை முழுக்கச் சீனத் தட்டுகளாலேயே பொதித்திருக்கிறார்கள். சுமார் 260 தட்டுகள். கட்டடம் இப்போது பிரெஞ்சுத் தூதரகம்.

டச்சுக்காரர் பீங்கானைக் கொள்ளையில்தான் முதலில் அள்ளினார்கள். 1603இல் சிங்கப்பூர் அருகே யாகோப் வான் ஹீம்ஸ்கெர்க், சான்டா கத்தரீனா என்ற போர்த்துக்கீசியக் கப்பலைப் பிடித்தார். அதிலிருந்த பீங்கான் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம். பிரான்சின் நான்காம் ஹென்றிக்கும் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸுக்கும் அங்கிருந்து பீங்கான் போயிற்று. ருசி கண்டாயிற்று; இனிப் பிடித்தது வரட்டும் என்று காத்திருக்காமல், வேண்டியதைக் கேட்டு வாங்கலாம் என்று தோன்றியது. 1635இல் தைவானிலிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மரத்தில் கடைந்த மாதிரிகளைச் சீன வணிகரிடம் கொடுத்தார்கள்: கைபிடி வைத்த குவளை, உப்புக் கிண்ணம், அகல விளிம்புத் தட்டு. கிண்ணத்தை ஏந்திக் குச்சியால் சாப்பிடும் ஊரில், தட்டையான அகல விளிம்பால் எந்தப் பயனும் இல்லை. ஐரோப்பியருக்கோ உப்பும் கடுகுக் கூழும் ஒதுக்கி வைக்க அந்த விளிம்பு வேண்டும். மரத்தில் கடைந்தது நல்ல யோசனை. வாயால் சொன்னால் மாறிப்போகும். தாளில் வரைந்தால் அளவு தெரியாது.

ஜிங்டெசெனைப் பற்றி நமக்கு நெருக்கமாகத் தெரியவருவது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாக. பிரான்சுவா சேவியர் தான்திரகோல் என்ற ஏசுசபைத் துறவி 1712இலும் 1722இலும் அதைப் பற்றி நீண்ட கடிதங்கள் எழுதினார். மதம் மாறிய சூளைத் தொழிலாளர்கள் அவருக்கு விவரம் சொன்னார்கள். காவோலின் என்ற வெண்களியையும் இடித்துப் பொடித்த ஒருவகைப் பாறையையும் கலந்து பிசைந்து, 1,300 டிகிரி அளவில் சுட்டால் பீங்கான். ஒரு பாத்திரம் முடிவதற்குள் எழுபது பேர் கை மாறுகிறது என்றார். ஓவியத்திலும் அப்படியே: விளிம்பு வட்டம் மட்டும் போடுபவர் ஒருவர், பூவின் கோடு இழுப்பவர் ஒருவர், அதை நிரப்புபவர் வேறொருவர், மலையும் தண்ணீரும் ஒருவருக்கு, பறவையும் மிருகமும் இன்னொருவருக்கு. ரோட்டர்டாம் தட்டை 'வரைந்தவர்' என்று ஒருமையில் சொன்னதே ஒரு வசதிக்காகத்தான்.

ஐரோப்பிய ஆர்டர் வந்தால் சூளைக்காரர் பயந்தார்கள் என்றும் பாதிரியார் எழுதுகிறார். கேட்கும் வடிவங்கள் விசித்திரமானவை, சுடும்போது கோணிப்போகும். சிறு பழுது இருந்தாலும் வணிகர் எடுக்கமாட்டார். கழித்துப்போட்டதை உள்ளூரில் விற்கவும் முடியாது. சீனருக்கு அந்த ஜாடை பிடிக்காது. கழிவின் நட்டத்தையும் சேர்த்துத்தான் நல்லதற்கு விலை வைத்தார்கள். சீனப் பீங்கானின் விலையைக் கண்டு முகம் சுளித்த ஐரோப்பியர், தங்கள் ரசனைக்கே ஒரு பங்கு கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

அதே கடிதங்கள் தொழில் ரகசியத்தையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. அச்சிலும் வந்தன. பாதிரியாரின் பக்தியைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் இன்றைக்கு ஒருவர் ஓர் ஆலைக்குள் இருந்தபடி இப்படிக் கடிதம் எழுதினால் அதற்கு வேறு பெயர்.

நடுவே ஒரு முறிவு. மிங் ஆட்சி சரிந்து மஞ்சு வம்சம் வந்த குழப்பத்தில் ஏற்றுமதி தடுமாறியது. 1670களின் கிளர்ச்சியில் ஜிங்டெசென் சூளைகள் அழிந்தன. டச்சுக்காரர் அதற்கு முன்பே ஜப்பானின் அரித்தா பக்கம் திரும்பியிருந்தார்கள். காங்சி பேரரசர் 1680களில் சூளைகளைச் சீரமைத்துக் கடல் வணிகத்தையும் திறந்துவிட்ட பிறகு சீனச் சரக்கு மறுபடி பாய்ந்தது. இனி மைய இடம் கான்டன், இன்றைய குவாங்சோ.

ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கான்டன் வந்து, வடகிழக்குக் காற்று எழும்போது திரும்பும். நடுவில் சில மாதங்கள். அதற்குள் ஜிங்டெசெனுக்குச் சொல்லிவிட்டுச் சரக்கைப் பெறுவது கடினம். ஊர் அவ்வளவு தூரம். பீங்கான் கான் ஆற்றில் படகேறி, மெய்லிங் கணவாயில் கூலிகளின் தோளில் மலை கடந்து, மறுபக்கம் ஆறு பிடித்துக் கான்டன் சேரவேண்டும். ஆகவே ஒரு குறுக்குவழி பிறந்தது. வெள்ளையாகச் சுட்ட பாத்திரங்களைக் கான்டனில் இருப்பு வைத்து, ஆர்டர் வந்ததும் அங்கேயே மேல்வண்ணம் தீட்டிச் சிறு சூளையில் மறுபடி சுடுவது. நீல வண்ணம் மெருகுக்கு அடியில் போவதால் அது ஜிங்டெசெனில்தான் ஆகவேண்டும். சிவப்பு, பச்சை, தங்கம், இளஞ்சிவப்பு எல்லாம் மெருகின்மேல் போகும் எனாமல். தங்கத்திலிருந்து கிடைத்த அந்த இளஞ்சிவப்பு 1720களில் பரவியது. ஜிங்டெசென்காரர் அந்த வகைக்கு வைத்த பெயர் 'அயல்நாட்டு வண்ணம்'.

1769இல் வில்லியம் ஹிக்கி என்ற ஆங்கிலேயர் கான்டனின் ஆற்றுக்கு அப்பால் இருந்த பட்டறைகளைப் பார்த்துவிட்டு எழுதிவைத்தார். ஒரே நீண்ட கூடத்தில் நூறு பேருக்குமேல் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் முதியவர், சிலர் ஆறேழு வயதுக் குழந்தைகள். லண்டன் பிரபுவின் சாப்பாட்டு மேசையில் மின்னிய குலச்சின்னத்தின் சிங்கத்துக்கு வாலைத் தீட்டியது எந்த வயதுக் கையோ.

குலச்சின்னப் பீங்கான்தான் இந்த வணிகத்தின் பெருமைச் சரக்கு. பிரிட்டிஷ் குடும்பங்கள் மட்டும் நாலாயிரத்துக்குமேல் செட்டுகள் சொல்லிச் செய்வித்திருக்கின்றன. ஸ்டாஃபோர்டுஷயரின் லீக் ஓக்கோவர் 1740ஐ ஒட்டித் தன் செட்டுக்கு ஒரு மாதிரி ஓவியத்தையே முழு வண்ணத்தில் தயாரித்து அனுப்பினார். அந்த ஓவியமும் பிழைத்திருக்கிறது, தட்டுகளும் பிழைத்திருக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கான்டன் கைகள் எவ்வளவு துல்லியமானவை என்று புரியும். சுமார் நூறு உருப்படிகளுக்கு நூறு பவுண்டு அளவில் ஆனது. அந்நாளில் அது ஒரு சாதாரண ஆள் பல ஆண்டு உழைத்தும் சேர்க்க முடியாத தொகை.

எல்லோரும் ஓக்கோவர் அல்லவே. பலர் தங்கள் புத்தகங்களில் ஒட்டும் பெயர்ச்சீட்டையே மாதிரியாகக் கொடுத்தனுப்பினார்கள். அது கறுப்பு வெள்ளை அச்சு. குலச்சின்னத்தில் எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்பதைக் கோடுகளால் காட்டுவது ஐரோப்பிய அச்சு மரபு: நெடுக்கக் கோடு என்றால் சிவப்பு, கிடைமட்டக் கோடு என்றால் நீலம், புள்ளிகள் என்றால் தங்கம். அந்தச் சங்கேதம் கான்டன் ஓவியருக்கு எப்படித் தெரியும்? கோட்டைக் கோடாகவே வரைந்து கொடுத்தார். ஓரத்தில் எழுதிய குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தால் அதுவும் ஒரு கோட்டுச் சித்திரம்தான்.

சமயப் படங்களிலும் இதே கதை. கிறிஸ்து பிறப்பு, திருமுழுக்கு, சிலுவைக் காட்சி என 1740களை ஒட்டிய தட்டுகளில் கறுப்பு மையும் கொஞ்சம் தங்கமும் மட்டும் உண்டு. வண்ணமில்லாத செப்புத்தகட்டு அச்சுப்படங்களை மயிர்க்கோடு தவறாமல் பார்த்தெழுதியதால் வந்த அழகு அது. பாரிஸ் என்ற இளவரசன் மூன்று தேவதைகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் கிரேக்கப் புராணக் காட்சி, 1720இன் டச்சுப் பங்குச்சந்தைச் சூதாட்டத்தைக் கிண்டலடிக்கும் கோமாளிகள், 1743இல் கலகம் செய்த ஸ்காட்லாந்துப் படைவீரர்கள், ஜான் வில்க்ஸ் என்ற அரசியல்வாதியைக் கொண்டாடும் மதுக் கிண்ணம்: ஐரோப்பியத் தெருவில் எந்த அச்சுப்படம் விற்றதோ, அது இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சீனாவிலிருந்து தட்டாகத் திரும்பி வந்தது.

இதையெல்லாம்விட வேடிக்கையான ஒன்று 1734இல் தொடங்கியது. சந்தையில் போட்டி ஏறிப்போனதால், தங்களுக்கென்று தனி ஓவியம் வேண்டும் என்று டச்சுக் கம்பெனி முடிவு செய்து, கொர்னெலிஸ் பிராங்க் என்ற ஓவியரை அமர்த்தியது. அவர் வரைந்த முதல் படம் 'குடை பிடித்த பெண்மணி'. நீர்ப்பறவைகளின் முன்னே ஒரு சீமாட்டி நிற்கிறாள், பின்னால் பணிப்பெண் குடை பிடிக்கிறாள். இருவரும் சீனப் பெண்களாம். பிராங்க் சீனாவைப் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் அப்போது புழங்கிய கற்பனைச் சீனம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

படம் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, வழியாகக் கான்டனுக்குப் போயிற்று. அங்கே ஒரு சீனர், ஒரு டச்சுக்காரர் மனத்தில் கண்ட சீனப் பெண்ணை, எதையும் மாற்றாமல் வரையவேண்டிய நிலை வந்தது. வரைந்தார். ஜப்பானுக்கும் ஒரு பிரதி போயிற்று. அங்கே சீமாட்டி கிமோனோ உடுத்திக்கொண்டாள். 1735இல் மூன்று வைத்தியர்கள் கூடிப் பேசும் படம், பிறகு கைகழுவும் காட்சி, 1738இல் தோட்டத்துப் பந்தல் என்று தொடர்ந்து வந்தன. ஒவ்வொன்றும் நுணுக்கம்; ஒவ்வொன்றுக்கும் கூலி ஏற்றம். ஜப்பானியர் சொன்ன விலையைக் கேட்டே கம்பெனி பின்வாங்கியது. சீன விலையும் கட்டுப்படியாகவில்லை. கம்பெனிக்குள் கணக்குப் பார்ப்பவர்கள் ஜெயித்தார்கள். 1740ஐ ஒட்டி அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். நட்டத்தில் முடிந்த அந்தத் தட்டுகளுக்குத்தான் இன்றைய ஏலக்கடைகளில் கிராக்கி.

ஐரோப்பா சும்மா இருக்கவில்லை. சாக்சனியின் அகஸ்டஸ் 1717இல் பிரஷ்ய மன்னருக்கு 600 குதிரைவீரர்களைக் கொடுத்து 151 சீனப் பாத்திரங்களை வாங்கிக்கொண்ட மனிதர். அவர் ஆட்சியில்தான் 1710இல் மைசென் ஆலை பிறந்து ஐரோப்பாவின் முதல் கெட்டிப் பீங்கானைச் செய்தது. டெல்ஃப்ட் குயவர்கள் மண்பாண்டத்தின்மேல் வெள்ளை மெருகு பூசிச் சீனத்தைப் போலச் செய்தார்கள். டெல்ஃப்ட், மைசென் உருவங்களைக் கான்டன் போலச் செய்தது. அரித்தாவின் சிவப்பு, தங்க வேலைப்பாட்டை ஜிங்டெசென் நகலெடுத்து மலிவாக விற்றது. பெய்ஜிங் அரண்மனையில் பேரரசர்களே ஐரோப்பிய எனாமல்காரரை வரவழைத்தார்கள். மேலைநாட்டு முகம் வரைந்த சிறு குப்பிகள் அரச சேகரிப்பில் இருந்தன. இந்த வரவுசெலவில் யாரை மூலம் என்பது, யாரை நகல் என்பது!

கம்பெனிகளின் கணக்கில் பீங்கான் ஒருபோதும் முதல் சரக்காக இருந்ததில்லை. முதலிடம் தேயிலைக்கு. தேயிலை எடை குறைந்தது, ஈரம் ஆகாதது. கனமான, தண்ணீருக்கு அஞ்சாத பீங்கான் பெட்டிகளைக் கப்பலின் அடியில் அடுக்கி அதன்மேல் தேயிலையை ஏற்றினார்கள். கப்பல் சாயாமலிருக்க அடிப்பாரமும் ஆயிற்று. 1752 ஜனவரி 3 அன்று கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பல் தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. 1985இல் மைக்கேல் ஹேச்சர் அதைக் கண்டபோது தேயிலை ஊறிக் கரைந்து, அடியில் கிடந்த பீங்கானுக்கு மெத்தையாகியிருந்தது. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒன்றரை லட்சம் உருப்படி ஏலம் போயிற்று. அவற்றில் குலச்சின்னமும் இல்லை, பிராங்கின் சீமாட்டியும் இல்லை. தேநீர்க் கிண்ணம், வெண்ணெய்ப் பாத்திரம், மீன் தட்டு, எச்சில் கிண்ணம்: ஐரோப்பிய வீட்டின் அன்றாட உருவம், மேலே சாதாரணச் சீனப் பூவும் ஓடைக்கரையும். வணிகத்தின் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகள் அதை மறைத்துவிடுகின்றன.

முடிவு மெல்ல வந்தது. மண்ணிலேயே வெண்ணெய் நிறத்தில் மெல்லிய பாத்திரம் செய்ய வெட்ஜ்வுட் போன்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். செப்புத்தகட்டுப் படத்தைத் தாளில் ஒற்றித் தட்டில் பதிக்கும் முறையும் கைவந்தது. ஓர் ஓவியர் நாள் முழுதும் தீட்டுவதை அச்சு சில நிமிடத்தில் முடித்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1791இல் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது. அதே காலத்தில் இங்கிலாந்துக் குயவர்கள் பாலமும் வில்லோ மரமும் பறக்கும் இரண்டு பறவைகளுமாக ஒரு 'சீனக் காட்சி'யை உருவாக்கி, அதற்கு ஒரு காதல் கதையையும் பின்னால் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தட்டு நன்றாக விற்றதால், நகலெடுக்கச் சொல்லிச் சீனாவுக்கே ஆர்டர் போனது.

கான்டனில் புதிய கொடியோடு ஒரு வாடிக்கையாளர் 1784இல் வந்திருந்தார். நியூயார்க்கிலிருந்து வந்த 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' கப்பலின் சரக்குப் பொறுப்பாளர் சாமுவேல் ஷா, அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட அதிகாரிகளின் சின்சினாட்டி சங்கத்துக்காக ஒரு படம் வரையச் சொன்னார். மினர்வா தேவி, புகழ்த் தேவதை, ஒரு படைவீரர் எல்லாம் ஒரே காட்சியில் வேண்டும். தனித்தனி அச்சுப்படங்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் தனியே அச்சு அசலாக வரைந்த ஓவியரால் அவற்றை ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. நகலெடுப்பதில் கெட்டிக்காரர்கள், அதற்குமேல் இல்லை என்று ஷா எழுதிவிட்டார். நூறாண்டாகக் 'கொடுத்ததை அப்படியே வரை' என்று மட்டும் கேட்டுவந்த சந்தையில், திடீரென்று 'நீயே கற்பனை செய்' என்றவரின் குறைப்பாடு இது. கடைசியில் எக்காளம் ஊதும் தேவதை ஒருத்தி சங்கப் பதக்கத்தை ஏந்திப் பறப்பதாக முடிந்தது. அந்தச் செட்டில் 302 உருப்படிகளை 1786இல் ஜார்ஜ் வாஷிங்டன் வாங்கினார்.

19ஆம் நூற்றாண்டில் ரசனை புரண்டது. அமெரிக்கரும் ஆங்கிலேயரும் தங்கள் சிங்கத்தையும் கழுகையும் குறைத்துக்கொண்டு, சீனாவையே தட்டில் கேட்டார்கள். கான்டன் பட்டறைகள் அதற்கும் தயார். வட்டத்தை நான்காகப் பிரித்து, ஒரு பாகம் விட்டு ஒரு பாகம் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மாதரும் அதிகாரிகளும், மற்றதில் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் பியோனிப் பூவும். இடைவெளியெல்லாம் இளஞ்சிவப்பும் பச்சையும். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் சூப்புப் பாத்திரத்திலிருந்து காய்கறித் தட்டுவரை இந்த வகையில் செட்டுச் செட்டாக வாங்கினார்கள். 1855இல் தைப்பிங் கிளர்ச்சிப் படையினர் ஜிங்டெசெனின் அரசுச் சூளைகளை அழித்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் அந்த நூற்றாண்டு முடியும்வரை இளஞ்சிவப்புத் தட்டுகள் கான்டனிலிருந்து கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன, அதே அகல விளிம்போடு.